காருக்கு அடியில் விரித்த தாள்

உடையார்பாளையம்
16-2-2025

மாப்பிள்ளை நல்லதம்பி அவர்களுக்கு அரியமுத்து எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். எழுத்துகள் வரிசையில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில பெருத்துவிடுகின்றன. சில கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு வரி முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துப் போகிறது. ஆனாலும் இது நானே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவில்லை.

போன ஆடியில் இருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. வரதராஜன்பேட்டையில் இருந்து ரீனா டீச்சர் வருகிறார்கள். லைசென்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் கேள்வியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் சேர்ந்தேன். வயலுக்குள் இத்தனை வருஷம் டிராக்டர் ஓட்டியவன் ரோட்டுக்கு வருவதற்கு எழுத்து தேவைப்பட்டது. தேறாமல் போனால் நீங்களும் தங்கச்சி அமிர்தவல்லியும் சிரிப்பீர்கள் என்றுதான் உங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை. தேறிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காரை நான் வாங்கிய இரண்டாம் வாரம் அரியலூரில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விழாவுக்குப் போனோம். ஊருக்குள் நுழையும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்னால் ஆவி அடித்தது. எப்படியோ விழாப் பந்தலுக்கு வந்து சேர்ந்ததும் நான் உங்களுக்குப் போன் போட்டு, "ஒழுகுற வண்டியத் தலையில கட்டிட்டீங்களே மாப்ள" என்று கத்திவிட்டேன். போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியாது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று நீங்கள் சொன்னதையும் அவர்கள் கேட்டார்கள்.

போன் பண்ணாதே என்றுதான் சொன்னீர்கள். எழுதாதே என்று சொல்லவில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது அல்லவா.

கார் இன்னும் ஒழுகுகிறது. என் வீட்டுக்காரி மருதாயி வாசல் தெளித்துக் கோலம் போட்டால் அதன் மேலேயே இரண்டு மூன்று இடத்தில் சொட்டுகிறது. "ஒன்னு கோலம் இருக்கணும், இல்ல காரு இருக்கணும்" என்கிறாள். டிராக்டர் என்றால் எங்கேயாவது சொட்டத்தான் செய்யும், நான் அதைக் கண்டுகொள்வதில்லை. கார் அப்படி இல்லை போலிருக்கிறது.

என் கவலை வேறு. கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்கு வருஷா வருஷம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம். இந்த வருஷம் நானே கார் ஓட்டி உங்களையும் தங்கச்சியையும் கூட்டிப் போக வேண்டும் என்றுதான் இத்தனை பாடுபட்டேன். "அவங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறவரைக்கும் நான் எங்கயும் வரல அண்ணி" என்று அமிர்தம் மருதாயியிடம் சொல்லிவிட்டது. உங்களுக்கும் எனக்கும் நடுவே அது ஏன் நிற்க வேண்டும்?

இந்த வண்டியை உங்களைவிட அறிந்தவர் யார்? என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அரியமுத்து


(அஞ்சலட்டை)
பெரம்பலூர்
21-2-2025

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. தாலுக்கா ஆபீசில் ஜீப் ஓட்டிய காலத்தில் இருந்து எந்த வண்டியையும் நான் ஒழுகவிட்டதில்லை. இந்தக் கார் ஒன்பது வருஷம் என் வாசலில் நின்றது. ஒரு சொட்டு விழுந்ததில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ராத்திரி காருக்கு அடியில் வெள்ளைத் தாள்களை ஒட்டி விரியுங்கள். நான்கு ஓரத்திலும் முன், பின், இடது, வலது என்று எழுதுங்கள். காலையில் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்புங்கள். போட்டோ வேண்டாம். போட்டோவை மோந்து பார்க்க முடியாது.

வண்டிக்காகத்தான் எழுதுகிறேன்.

நல்லதம்பி

பின்குறிப்பு: இது அண்ணன் எழுத்து இல்லை, டீச்சர் எழுதிக் கொடுத்தது என்கிறாள் உங்கள் தங்கச்சி.


உடையார்பாளையம்
2-3-2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அட்டையை நானே படித்தேன். தபால்காரர் படித்துக் காட்டவா என்று கேட்டார். "வேணாங்க, வச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

நீங்கள் சொன்னபடி எழுத்துப் பழகிய தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி விரித்தேன். முன், பின், இடது, வலது. எனக்கு இந்த நான்கு சொல்லும் இவ்வளவு உபயோகப்படும் என்று நினைக்கவில்லை. டீச்சரிடம் காட்டினேன். "பரவாயில்லையே, காருக்கே பாடம் நடத்துறீங்களே" என்று சிரித்தார்கள்.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நிறம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் தள்ளிக் கறுப்பு. அது காயவே இல்லை, விரலில் வழுக்குகிறது. முன் ஓரத்தில் பச்சை. அது கையில் ஒட்டுகிறது, இனிப்பாக மணக்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்கப் போனேன், மருதாயி கையைத் தட்டிவிட்டாள். முன்னால் இன்னும் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொட்டு.

அமிர்தத்துக்கு ஒன்று. தாளின் மூலையில் கறுப்பு எண்ணெயில் என் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறேன். பட்டாவிலும் பத்திரத்திலும் இத்தனை காலம் வைத்த அதே கைநாட்டு. அதற்குப் பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அரியமுத்து


பெரம்பலூர்
8-3-2025

மச்சானுக்கு,

அட்டையில் இடம் போதவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன்.

முதல் வேலை. அந்தப் பச்சை நிறத்தை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. அது கூலண்ட். எஞ்சினைச் சூடாகாமல் காப்பாற்றும் திரவம். இனிக்கும், ஆனால் விஷம். கோழியும் நாயும் குடிக்காமல் தினமும் அந்த இடத்தைக் கழுவிவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கறுப்பு, எஞ்சின் ஆயில். கறுத்திருந்தால் பயமில்லை, ஓடிய ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். மேலே எங்கேயோ மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேக்கிங் காய்ந்துபோய் வழிகிறது என்று நினைக்கிறேன்.

சிவப்புதான் எனக்குப் புரியவில்லை. ஸ்டியரிங் ஆயில் சிவப்பாக இருக்கும். ஆனால் அது அவ்வளவு முன்னால் சொட்டாது. மோந்து பார்த்தேன். ஆயில் வாசனையே இல்லை. உங்கள் தங்கச்சியும் மோந்து பார்த்தாள். எங்கேயோ மோந்த வாசனை என்கிறாள். அதைத் திரும்பப் பாருங்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். வண்டி இந்த வருஷம் கல்லங்குறிச்சிக்கு வராது. எந்த வருஷமும் வராது.

உங்கள் தங்கச்சி அந்தக் கைநாட்டுத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "ஒங்களுக்கு ஒன்னும் தெரியாது, போங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நல்லதம்பி


உடையார்பாளையம்
14-3-2025

மாப்பிள்ளைக்கு,

கறுப்பு! கறுப்பு! பால் காபி இல்லை!

முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் "எந்த வருஷமும் வராது" என்ற இடத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. குச்சியை உருவும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மருதாயிதான் பார்த்து, "வெல்லப்பாகு மாதிரி இருக்கு, பாலும் இல்ல காபியும் இல்ல, கண்ணத் தொறங்க" என்றாள்.

சிவப்பு விஷயம் தெரிந்துவிட்டது. சிரிக்கக் கூடாது. கார் வந்த அன்று பூஜை போட்டோம் அல்லவா, மருதாயி முன்னால் கம்பிவலையில் சந்தனம் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். அது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் புதுசாக வைக்கிறாள். பனியில் நனைந்து அது வழிந்திருக்கிறது. அமிர்தம் மோந்தது நம் வீட்டுக் குங்குமத்தைத்தான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், காற்றுப் போகிற வழியில் பாதியைச் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் குத்தி எல்லாவற்றையும் எடுத்தேன். இனிமேல் நம்பர் பிளேட்டில் மட்டும் ஒரு பொட்டு என்று பேசி முடித்திருக்கிறோம்.

ஆயிலும் கூலண்டும் எங்கிருந்து வருகின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே இருந்து கீழே வரைக்கும் எல்லா இடமும் நனைந்து கிடக்கிறது.

இங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் இல்லை. எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் விஷயம் தீர்ந்துவிட்டது.

அரியமுத்து


பெரம்பலூர்
19-3-2025

மச்சானுக்கு,

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. உங்கள் தங்கச்சி சிரித்தாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்தாள்.

எஞ்சின் ஆறியதும் பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவுங்கள். பெல்ட் பக்கம் வேண்டாம். வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள். ஒழுகல் எங்கே தொடங்குகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு தெரியும். சொட்டு விழுகிற இடத்தைப் பார்க்காதீர்கள், கோடு தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். ஆயில் மேலே இருந்து வழிந்து எங்கெங்கோ சுற்றித்தான் கீழே விழும்.

பார்த்த பிறகு அரியலூரில் மெக்கானிக் மகேஷிடம் காட்டுங்கள். நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். வண்டி சரியாகும். "தலையில கட்டிட்டீங்களே" என்று பந்தல் முழுக்கக் கேட்ட வார்த்தையை எந்த மெக்கானிக்கும் கழற்றி மாற்ற முடியாது. வேறு ஆளாக இருந்தால் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் சொன்னீர்கள்.

நல்லதம்பி


உடையார்பாளையம்
28-3-2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடைசி வரியை மூன்று நாள் வைத்துக்கொண்டு இருந்தேன். பதில் எழுத ரீனா டீச்சர் சொல்லிக்கொடுத்த சொற்கள் போதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மருதாயியின் பவுடர் டப்பா முழுவதும் காலி. எஞ்சினில் மல்லிகை வாசனை வருகிறது. கோடு தெளிவாகத் தெரிந்தது. மேல் மூடியின் பின்பக்கத்தில் ஆயில். ரேடியேட்டரின் கீழ் மூலையில் பச்சை, அதைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஒரு வளையம்.

மகேஷிடம் காட்டினேன். மேல் மூடியின் பேக்கிங் பிஸ்கட் மாதிரி ஒடிந்து வந்தது. அதை உடனே மாற்றிவிட்டான். ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் வைத்து உள்ளே பார்த்தான்.

"ஐயா, இத சமீபத்துல யாரோ உள்ள நல்லா கழுவியிருக்காங்க."

"அதனால என்ன?"

"நம்ம பக்கத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணிங்க. வருஷக்கணக்கா ஊத்தினா உள்ள காறை கட்டிக்கும். ஊசித் தொளை இருந்தாலும் அந்தக் காறையே அடைச்சுக்கிட்டு நிக்கும். ஒழுகாது. கழுவினாங்க பாருங்க, காறை போச்சு, தொளை வாயத் தொறந்துகிச்சு."

மாப்பிள்ளை, நான் கழுவவில்லை. கார் என் கைக்கு வருவதற்கு முன்பே கழுவியிருக்க வேண்டும். நீங்களா?

அப்படியென்றால் உங்கள் வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை என்பது உண்மை. என் வாசலில் ஒழுகியது என்பதும் உண்மை. உண்மை இல்லாதது நான் போனில் கத்தியது மட்டும்தான். அதை மகேஷ் மாற்ற முடியாது, நான்தான் மாற்ற வேண்டும். நேற்று அந்தப் புதுமனை வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். அன்று பந்தலில் இருந்தவர்களில் யார் யார் அந்தத் தெருவில் இருக்கிறார்களோ, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து ரேடியேட்டர் கதையைச் சொன்னேன். "எங்க மாப்ள ஒழுகாத வண்டியத்தான் குடுத்தாரு" என்று சொன்னேன். ஒரு வீட்டில் "சரிங்க பெரியவரே, மோர் குடிங்க" என்றார்கள். அடுத்த வீட்டிலும் மோர். வயிறு முழுக்க மோரோடு வீட்டுக்கு வந்தேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஒற்றெழுத்து எங்கேயாவது விட்டுப் போயிருந்தாலும் அர்த்தம் விட்டுப் போகவில்லை.

அரியமுத்து


பெரம்பலூர்
2-4-2025

மச்சானுக்கு,

ஆமாம், நான்தான் கழுவினேன். பொண்டாட்டி பொறந்த வூட்டுக்குப் போகிற பொருளை அழுக்கோடு எப்படிக் கொடுப்பது? மேலே கழுவினால் மட்டும் போதாது என்று ரேடியேட்டரையும் கழுவி, தண்ணீருக்குப் பதிலாகப் புதுக் கூலண்ட் ஊற்றி அனுப்பினேன். சொல்லிக்காட்டுகிற விஷயம் இல்லை என்பதால் உங்களிடம் சொல்லவில்லை. உபகாரம் செய்யப் போய் ஓட்டையைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

மோர்க் கதையை உங்கள் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் என் கையில் இருந்து பிடுங்கி அவளே வாசித்தாள். "எங்க அண்ணன் வூடு வூடா போயிருக்கு" என்று எதிர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் இப்போது தயார். பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

என் விஷயம் வேறு. நான் ஜீப் ஓட்டியவன். வாய்ப்பேச்சை நம்ப மாட்டேன், தாளைத்தான் நம்புவேன். ராத்திரி முழுக்கத் தாளை விரித்து வையுங்கள். அது சுத்தமாக இருந்தால்தான் அந்தக் காரில் ஏறுவேன்.

நல்லதம்பி


உடையார்பாளையம்
7-4-2025

மாப்பிள்ளைக்கு,

எல்லா வேலையும் முடிந்தது. ரேடியேட்டர் மாற்றியாயிற்று. நேற்று ஜெயங்கொண்டம் வரை போய் வந்து, வண்டி சூடாக இருக்கும்போதே தாள்களை விரித்தேன். காலையில் எடுத்தேன்.

இத்துடன் வைத்திருக்கும் தாளில் முன், பின், இடது, வலது தவிர வேறு ஒன்றும் இல்லை. நான் எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதுதான் கடிதம்.

அரியமுத்து


உடையார்பாளையம்
20-4-2025

மாப்பிள்ளைக்கு,

தேர் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். தூக்கம் வந்துவிட்டது. இன்று காலையில் மாடு கறந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால் இன்னொரு தடவை போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது.

பெரம்பலூரில் உங்கள் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தேன். நீங்கள் வெளியே வந்து கதவைத் திறக்காமல் காருக்கு முன்னால் குனிந்து பார்த்தீர்கள். அமிர்தம் பின்னால் நின்று, "ஏறுங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க" என்றது. பிறகுதான் முன்சீட்டில் உட்கார்ந்தீர்கள். அரியலூர் வரைக்கும் நீங்கள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நானும் அதைத்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் சிமெண்ட் லாரிகள் வந்துகொண்டே இருந்ததால் ரோட்டைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. முள் நடுவிலேயே நின்றது. அரியலூரில் அன்று ஆவி அடித்த அதே இடத்தைத் தாண்டியதும் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டீர்கள். அது எனக்குப் போதும்.

வழியில் கடைப் பலகைகளை நான் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினேன். "அண்ணே, போதும், ரோட்டப் பாரு" என்று அமிர்தம் திட்டியது. அதன் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு நான் இன்னும் பத்துப் பலகை படித்திருப்பேன்.

கல்லங்குறிச்சியில் நடந்ததுதான் பெரிது. நாம் சாமி கும்பிட்டு, விளைந்ததில் இருந்து என் முந்திரிக்கொட்டையும் உங்கள் வயல் சோளமும் காணிக்கை போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் காருக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. இத்தனையும் வீண் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழங்கால் போட்டீர்கள். நான் மறுபக்கம். இருவரும் காருக்கு அடியில் தலையை விட்டோம். நீங்கள் விரலில் தொட்டீர்கள். மோந்தீர்கள். என்னிடம் நீட்டினீர்கள். நானும் மோந்தேன். வழுக்கவில்லை. ஒட்டவில்லை. நிறம் இல்லை. வாசனையும் இல்லை.

"ஏசி தண்ணி மச்சான்" என்றீர்கள்.

"வெறும் தண்ணியா மாப்ள?"

"வெறும் தண்ணி. சுத்தமான தண்ணி. ஏசி போட்டா வரத்தான் செய்யும். வரலன்னாதான் கவலப்படணும்."

நாம் எழுந்திருக்காமல் சிரித்தோம். வழியில் போன ஒரு கூட்டம் நாம் பெருமாளைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறோம் என்று நினைத்து தானும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனது. மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது உங்களை வாசலில் இறக்கிவிட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் குனிந்து, "இனிமே போன் பண்ணுங்க மச்சான்" என்றீர்கள். நான் காது கேட்காத மாதிரி கியர் போட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காது கேட்டது. ஆனால் மாப்பிள்ளை, அந்தத் தடையை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள். போனில் பேசினால் "சாப்டீங்களா, சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. எழுதினால் உங்களோடு அரை நாள் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கிறது. உங்கள் கடிதங்கள் எல்லாம் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கின்றன. ரீனா டீச்சர் ஒன்றைக் கேட்டு வாங்கி வகுப்பில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். பால் காபி வந்த இடத்தில் வகுப்பே மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்டது.

ஊரில் இருவர் தங்கள் வண்டிக்கு அடியில் விரிக்க என்னிடம் தாள் கேட்டிருக்கிறார்கள். நான்கு ஓரத்திலும் எழுதியே கொடுத்தேன். சொட்டு விழுந்ததும் என்னிடம் கொண்டுவருவார்கள். எனக்குப் புரியாத நிறம் ஏதாவது இருந்தால் கவரில் போட்டு அடுத்த வாரமே உங்களுக்கு எழுதுகிறேன். ஒன்றும் சொட்டாவிட்டாலும் எழுதுவேன், எழுதாமல் இருக்க மாட்டேன்.

அரியமுத்து